காலரா ஊசியும் மறுநாள் மாவும்

காலரா ஊசி என்றாலே காரைக்குடி ஓட்டல் முதலாளிகளுக்கு வேப்பங்காய். அறுபதுகளின் கடைசியில் நகராட்சியில் நர்ஸாகச் சேர்ந்தேன். குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஓட்டல் ஆட்கள் எல்லாருக்கும் ஊசி போட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல் ஒன்றுக்குப் போனேன். முதலாளி கல்லாவை விட்டு எழவில்லை.

“திருவிழா முடியட்டும், அப்புறமா வாங்க நர்ஸம்மா. ஊசி போட்டா கை வீங்குது, காய்ச்சல் அடிக்குது. மாவு யாரு ஆட்டுறது?”

“வெள்ளம் வந்தப்புறம் அணை போடச் சொல்றீகளா?”

அந்த நேரம் கொல்லைப்புறத்திலிருந்து மாட்டு டாக்டர் கையைத் துடைத்தபடி வந்தார். விறகு வண்டி மாடுகளுக்கு ஊசி போட்டாராம். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். “நீங்க சொன்னாப்புலயே ரெண்டு நாளைக்கு வண்டியில பூட்ட மாட்டேன் டாக்டர்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுக்கு ரெண்டு நாள் ஓய்வு, மாவாட்டும் காளியம்மாளுக்கு ஒரு நாள் கிடையாதா? காலராவில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு நிற்பவள் அவள். அடுப்படி வாசலில் நின்று என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவைப் பார்த்த மேசையில் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்கப் போட்டேன். டிபனுக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

“ஆத்தாடி, இங்க காலராவா? வாங்கப்பா, அடுத்த கடைக்குப் போவோம்!”

முதலாளி ஓடிவந்தார். “உள்ள போயிப் போடுங்க தாயே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“காய்ச்சல் வந்தா நாளைக்குச் சம்பளத்தோட லீவு. எல்லாரு காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். முதல் ஆளாகக் கையை நீட்டியவள் காளியம்மாள்தான். மாஸ்டர், சப்ளையர் எல்லாருக்கும் போட்டு முடித்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனால், காளியம்மாள் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி போட்ட கை வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மற்றக் கையால் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்த மனுசன் லீவு குடுக்கலையா?” என்று கத்தினேன்.

“குடுத்தாரும்மா. சம்பளமும் தாரேன்னாரு. எனக்குப் பதிலா வேற ஒருத்தியக் கூட்டியாரச் சொன்னாரு. அவ ஒரு நாளு இந்தக் கல்லுல ஒக்காந்துட்டா, மறுநா நான் எங்குட்டுப் போறது?”

அவளை எழுப்பிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஆட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஓட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு ஊசி என்றால் பயம் என்று ஆபீசில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஊசிப் பெட்டியைத் திறக்குமுன் லீவு உண்டா என்று முதலாளியிடம் கேளுங்கள். காய்ச்சல் தணிந்து வருகிறவளுக்கு அவள் இடம் அப்படியே இருக்குமா என்றும், அவள் காதுபடவே கேளுங்கள்.