மரியாதைப் பந்து போடாத சவரிமுத்து

சென்ற திங்கட்கிழமை மாலை எங்கள் தருமபுரி அலுவலர் மன்றத்தின் செயற்குழு அவசரமாகக் கூடியது. நெடிய விவாதத்துக்குப் பின், டென்னிஸ் மைதானத்துக்கு அன்று ஒரு நாள் தண்ணீர் தெளிப்பதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தது. மன்ற வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. நில அளவை வரைவாளர் சவரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார் என்ற செய்தி அன்று மதியம் வந்திருந்தது.

அவரோடு ஆடியவர்களுக்கு அவருடைய போர்ஹேண்ட் அடி நினைவிருக்கும். சிலருக்கு உடம்பிலும் இருக்கும். என் விலாவில் பந்தளவு கன்றிப்போயிருந்ததைப் பார்த்து என் மனைவி, "ஆபீஸ்ல யாருங்க இப்படி அடிச்சாங்க?" என்று அழுதாள். நான் சவரிமுத்துவிடம் முறையிட்டேன்.

"நெட்டுக்கு வந்தவன நெஞ்சுக்குத்தான் அடிக்கணும்ங்க. பக்கத்துல போட்டா எட்டிப் புடிச்சுருவான். நெஞ்சுக்கு வந்தா கைய எங்க மடக்குவான்?" என்றார். அடுத்த முறையும் அடித்தார்.

ஊரில் டி.வி. வந்த புதிதில், விம்பிள்டன் இறுதியாட்டத்தை என் வீட்டில் பார்த்தோம். திரையில் பாதி படம், பாதி புள்ளிப் பொரி. எல்லோரும் பந்தைப் பார்த்தபோது அவர் தோற்கப்போகிறவரின் காலைப் பார்த்தார். "கால் பின்னால போவுது பாருங்க சார். ஆளு செத்தான்." இரண்டு கேம் கழித்து ஆள் செத்தான்.

அதே ஆட்டத்தை ஓர் உயர் அதிகாரியும் தம் வீட்டில் பார்த்திருக்கிறார். மறுநாள் முதல், சர்வீஸ் போட்ட கையோடு நெட்டுக்கு ஓடி வரத் தொடங்கினார். அப்படி வரும் அதிகாரியின் ராக்கெட்டைத் தேடிப் பந்தை மெதுவாக அனுப்புவது எங்கள் மன்றத்தின் வழக்கம். மரியாதைப் பந்து என்போம்.

மன்றத்தில் கீழ்நிலை ஊழியர்கள் ஜோடி குறைந்தால் மட்டுமே ஆடலாம். ஆண்டுப் போட்டியில் வென்றவர் மட்டும், யாரானாலும், அடுத்த ஆண்டு முழுவதும் தினமும் ஆடலாம். சவரிமுத்துவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இறுதியாட்டத்தில் எதிரே அந்த அதிகாரி. ஏணி நாற்காலியில் நடுவராக நான்.

சவரிமுத்துவுக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒன்று எடுத்தால் வெற்றி. அதிகாரி சர்வீஸ் போட்டுவிட்டு ஓடி வந்தார். சவரிமுத்து நெஞ்சுக்குத்தான் அடித்தார், அதிகாரி குனிந்துவிட்டார். பந்து வாயில் பட்டது. ஒரு பல் தரையில் விழுந்தது.

"பாயிண்ட் எனக்குங்க சார்," என்று சவரிமுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வாங்கிக்கடா பாயிண்ட்ட!" அதிகாரி வாயில் ரத்தத்தோடு நெட்டைச் சுற்றி வந்து, மர ராக்கெட்டின் விளிம்பால் அவருடைய வலது கையில் மூன்று முறை அடித்தார். மூன்றாவது அடியில் ராக்கெட் உடைந்தது. கை இரண்டாவதிலேயே உடைந்திருந்தது.

"ஐயாவுக்குத் தண்ணி கொண்டாங்கப்பா!" என்று கூட்டத்தில் ஒருவர் பதறினார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "லெட்," என்றேன். அந்தப் பாயிண்ட்டை மறுபடி ஆட வேண்டும் என்று பொருள்.

சவரிமுத்து ராக்கெட்டை இடது கையில் எடுத்துக்கொண்டார். "சரிங்க சார். போடச் சொல்லுங்க." அதன்பின் அவர் அடித்த ஒரு பந்தும் நெட்டைத் தாண்டவில்லை. மன்றத்துக்கும் அவர் வரவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு விதிப்புத்தகம். ஆட்டத்துக்கு முந்தின நாள் படிக்கச் சொல்லிக் கொடுத்தார், திருப்பிக் கேட்கவில்லை. பந்து ஆட்டக்காரரின் உடம்பில் பட்டால் பாயிண்ட் எதிராளிக்கு என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினேன்.

அடுத்த ஆண்டு இறுதியாட்டத்துக்கும் என்னையே நடுவராகப் போட்டார்கள்.