அவுக பக்கத்துப் பல்

மரம் அறுக்கிற மிஷினைப் பிடித்துப் பிழைக்கிறவனுக்குக் கோபம் ஆகாது என்று மைதீன் பாட்சா அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் தேர் ஓடும் வீதியில் கிளை கழிக்கிற வேலை. வேம்பின் தடித்த கிளை ஒன்றில் ரம்பத்தை வைத்தேன். நேராக இறங்க வேண்டிய வெட்டு ஒரு பக்கமாக இழுத்து, வளைந்து, பாதியில் கிளை ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. மிஷினை அணைத்துவிட்டு மரத்தை, மிஷினை, வெயிலை, ஒன்றையும் விடாமல் திட்டினேன்.

கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்த என் கூட்டாளி பொன்னுச்சாமி அண்ணாந்து பார்த்தான்.

"மரத்தை ஏன் வே வையுத? செயினு இழுக்கு. ஆமினாக்கா தீட்டுனதுலா?"

"வாயைப் பொத்திக்கிட்டுக் கயித்தைப் பிடி."

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவன் மேல் அவ்வளவு எரிச்சல்.

ஆமினாள் மதினி, மைதீன் பாட்சா அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி மவுத்தாகி, அடக்கம் செய்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் அவருக்கு உறவும் இல்லை, ஒரே தெருவும் இல்லை. சேர்ந்து மரம் ஏறியவன், அவ்வளவுதான். அண்ணாச்சி, மதினி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது அப்படியே ஆகிப்போனது.

அண்ணாச்சி சவுதியில் ஒரு தோட்டத்தில் பேரீச்ச மரங்களுக்கு மட்டை கழித்துக்கொண்டிருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது எல்லாரும் கம்பளியும் டார்ச் லைட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டு வருவார்கள். இவர் பெட்டியில் ஒரு குட்டி கிரைண்டர் வந்தது. பேனா பிடிப்பது போல் பிடிக்கலாம். முனையில் விதவிதமான கல்லை மாற்றி மாட்டலாம். ரம்பச் செயினின் பல்லைத் தீட்டுவதற்கென்று சரிவுக் கோடு போட்ட ஒரு சின்னத் தகடும் உண்டு. அந்தக் கோட்டைச் செயினோடு சேர்த்து வைத்துக்கொண்டால் கல் சரியான சாய்வில் பல்லில் உட்காரும். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் தங்கம் ஏதாவது இருக்கிறதா என்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, முகம் சுண்டிப் போனார்களாம். மதினி இதை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஊரில் கொஞ்ச காலம் என்னோடு மரம் அறுத்தார். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் ஏறுவதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மேஜையில் இடுக்கியைப் பொருத்தி, செயின் தீட்ட உட்கார்ந்தார். குருவிகுளம் பக்கம் சீமை உடை என்கிற கருவேல மரம் வெட்டுகிறவர்கள்தான் முதலில் வந்தார்கள். அந்தக் காட்டு மரத்தின் பட்டையெல்லாம் மண். ஒரு பொழுது அறுத்தாலே பல் மழுங்கிவிடும். அப்படி மழுங்கிய செயினைக் கொண்டுபோய் நீட்டினால் அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்.

"ஏலே, மரத்தை அறுத்தியா, தடவிக்கொடுத்தியா?"

எல்லாரிடமும் இதே கேள்விதான்.

ஆனால் அவர் தீட்டிய செயினும் ஆரம்பத்தில் இழுக்கத்தான் செய்தது. செயினில் ஒரு பல் இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்த பல் அந்தப் பக்கம் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே கூராக இருந்தால்தான் ரம்பம் நேரே போகும். ஒரு பக்கம் கூடிவிட்டால் அந்தப் பக்கமாக இழுக்கும். அண்ணாச்சிக்குத் தன் பக்கத்துப் பல் அம்சமாக வரும். மிஷினைத் திருப்பி வைத்து மறுபக்கத்தைத் தீட்டும்போது மணிக்கட்டு ஒத்துழைக்காது. தகட்டைக் குறை சொல்வார், கல்லைக் குறை சொல்வார், சவுதிக் கடைக்காரனைக்கூடக் குறை சொல்வார்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். சாயா கொண்டுவந்த மதினி, இவர் புலம்புவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதை இங்கன தாங்க."

மதினிக்கு இடது கைப் பழக்கம். சாப்பாடு மட்டும்தான் வலது கையில். தையல், கத்திரி, கரண்டி எல்லாம் இடது கை. எதிரே உட்கார்ந்து இடது கையில் கிரைண்டரைப் பிடித்தபோது, கண்ணாடிக்குள் அண்ணாச்சியைப் பார்ப்பது போலவே இருந்தது. கல்லைப் பல்லில் தொட்டுத் தொட்டு எடுத்தார். அழுத்தவே இல்லை. அழுத்தினால் பல் சூடேறி நீலம் பாய்ந்துவிடும், அதற்கப்புறம் கூர் நிற்காது.

"நொட்டாங்கைக்காரி கெட்டிக்காரிதான்" என்றார் அண்ணாச்சி.

"இந்த நொட்டாங்கை இல்லேன்னா உங்க ரம்பம் கோணிக்கிட்டு ராயகிரிக்குப் போகும்" என்றார் மதினி.

அன்றிலிருந்து மிஷினைத் திருப்பி வைக்கிற வேலையே இல்லை. மதினி தையல் சாக்கட்டியால் முதல் பல்லில் ஒரு புள்ளி வைப்பார். அண்ணாச்சி தன் பக்கத்துப் பற்களைத் தீட்டுவார். முடித்ததும் கிரைண்டரை மேஜைக்கு மேலேயே நீட்டுவார். மதினி வாங்கித் தன் பக்கத்தைத் தீட்டுவார். பாதி நாள் இருவருக்கும் ஏதாவது சண்டை இருக்கும், முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கிரைண்டர் மட்டும் கை மாறிக்கொண்டிருக்கும். எனக்கு வேலை இல்லாத நாளில்கூட நல்ல செயினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். முருங்கைப் பூ தகரத்தில் உதிர்ந்து கிடக்கும். ஏலக்காய் போட்ட சாயா வரும். இப்போது நினைத்தாலும் அந்தக் காலை நேரங்கள் எனக்கு வேண்டும் என்று இருக்கிறது.

அண்ணாச்சி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்து படுத்தவர்தான். மதினி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் அந்த மாதங்களில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கவும் மாட்டார். கட்டிக்கொடுத்த மகள் ருக்ஸானா கடையநல்லூரிலிருந்து வந்து கூட இருந்தாள். இனி கிரைண்டர் சத்தம் கேட்காது என்றுதான் நினைத்தோம். ஆனால் மதினி மேஜையை உள்கட்டுக்கு மாற்றச் சொல்லி, மிஷின் வந்தால் வாங்கிவை என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

வந்த மிஷின்கள் எல்லாம் இழுத்தன. என் செயினைத் தொட்டுப் பார்த்தேன். மதினி பக்கத்துப் பல் நகத்தைச் சீவியது. அண்ணாச்சி பக்கத்துப் பல் மழுங்கல். பாவம், இடது கைக்காரிக்கு அந்தப் பக்கம் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இத்தாவில் இருக்கிற பெண்ணிடம் போய் உன் வேலை சரியில்லை என்று எவன் சொல்லுவான்? ஒவ்வொருவராகப் பேசாமல் பஜாரில் இருக்கிற கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கோணல் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் ருக்ஸானா வீட்டு கேட் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

"மாமா, மரம் வெட்டுற வேலையே ஊர்ல இல்லையா? ஒரு மிஷினும் வர மாட்டேங்குதே."

"மழைக்கு முந்தி கொஞ்சம் மந்தம்தான் தாயி."

"மிஷின் வந்தாத்தான் உம்மா படுக்கையை விட்டு எந்திரிக்காக. வராத அன்னைக்குச் சுவரைப் பாத்துப் படுத்தது படுத்ததுதான். சோறுகூட இறங்க மாட்டேங்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கேயாவது சொல்லி நாலு மிஷின் அனுப்புங்க."

நாலு மிஷின் வந்தால், நாலும் இழுக்கும். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் கிரைண்டரைத் தூக்கி வைத்துவிட்டு நிரந்தரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சொல்லாவிட்டாலும் அதேதான் நடக்கும், கொஞ்சம் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் புளியமரம் வந்தது. ஒரு விசைத்தறிக் கொட்டகையின் கூரைக்கு மேல் சாய்ந்து நின்ற கிழட்டு மரம். கொஞ்சம் பிசகினாலும் தறி மேலும் தறி ஓட்டுகிற ஆள் மேலும் விழும். கோணல் செயினை வைத்துக்கொண்டு அதில் கை வைக்க முடியாது.

"பஜார் கடைக்குக் கொண்டு போ வே. யாரும் உன்னைக் கொலைக் குத்தம் சொல்ல மாட்டாக" என்றான் பொன்னுச்சாமி.

நான் மிஷினை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குத்தான் போனேன். ருக்ஸானா உள்ளே போய்ச் சொன்னாள். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் இந்தப் பக்கம் முற்றத்தில் நின்றேன்.

"மதினி, நான் காளிராஜ்."

"சொல்லுங்க தம்பி."

புளியமரத்தைப் பற்றிச் சொன்னேன், கூரையைப் பற்றிச் சொன்னேன், வெயிலைப் பற்றிக்கூடச் சொன்னேன். கடைசியில் சொல்ல வந்ததையும் சொன்னேன்.

"செயினு உங்க பக்கமா இழுக்கு மதினி."

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அந்தப் பக்கம் உங்களுக்குக் கை வரலேன்னா ஒண்ணும் தப்பில்ல. நான் வேணும்னா..."

"கை வரலேன்னு யாரு சொன்னா?" மதினியின் குரல் சுள்ளென்று வந்தது. "அவுகளுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டிருந்தப்போ ரெண்டு பக்கமும் நான்தான் தீட்டினேன். உங்க செயினையும்தான். அப்ப இழுத்துச்சா?"

இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் மதினி தீட்டியது எனக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப இப்ப ஏன் மதினி?"



"அவுக பக்கத்துப் பல்லை நான் தொடல தம்பி. அது அவுக தீட்டுனது. எந்த மிஷினு வந்தாலும் பாதிச் செயினு அவுக கை பட்டது. கல்லை வச்சா அது பொடியா உதிர்ந்து போயிரும்லா. நான் எப்படி அதை அழிக்க?"

ருக்ஸானா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். படுக்கையை விட்டு எழுந்து மதினி மேஜைக்கு எதற்காகப் போனார் என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, என் வீட்டில் கேட்டால் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மதினி, இந்தச் செயினை இப்படியே அண்ணாச்சிக்கிட்ட நீட்டியிருந்தா அவரு என்ன கேப்பாரு?"

உள்ளிருந்து பதில் மெல்ல வந்தது.

"அறுத்தியா, தடவிக்கொடுத்தியான்னு கேப்பாக."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"வச்சுட்டு வெளியில இருங்க தம்பி" என்றார்.

தெருவில் வேலிக்கல்லில் உட்கார்ந்திருந்தேன். கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது, விட்டு விட்டு, தொட்டுத் தொட்டு. அது மதினி பக்கம். பிறகு நின்றது. ஸ்டூலைத் தரையில் இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போகும் சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பூ வியாபாரி ஒருவர் சைக்கிளில் போனார், திரும்பியும் வந்தார். எழுந்து போய்விடலாமா என்று நான் நினைத்த நேரத்தில் கிரைண்டர் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் புளியமரத்தில் வெட்டு நூல் பிடித்தது போல் இறங்கியது. மரம் நான் காட்டிய இடத்தில் போய்ப் படுத்தது. கொட்டகைக்குள் தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினைத் துடைக்கும்போது பார்த்தேன். சாக்கட்டிப் புள்ளிக்குப் பக்கத்தில், அண்ணாச்சி பக்கத்தில், ஒரே ஒரு பல்லில் மட்டும் கல் படவில்லை. பழைய மழுங்கலோடு அப்படியே இருந்தது. ஒரு பல்லால் ரம்பம் இழுத்துவிடாது, அது மதினிக்கும் தெரியும்.

பஜார் கடைக்குப் போனவர்களையெல்லாம் பிடித்துத் திட்டி மதினியிடம் திரும்ப அனுப்பினேன். எல்லார் செயினும் நேராக அறுத்தது. எல்லார் செயினிலும் ஒரு பல் தீட்டாமல் விடப்பட்டிருந்தது.

"அக்கா ஒரு பல்லை மறந்துட்டாகளே வே" என்றான் பொன்னுச்சாமி, தன் செயினைத் தூக்கிக் காட்டி.

"எண்ணிப் பாத்து வாங்க அது என்ன முறுக்கா? பேசாமப் போ" என்றேன்.

இத்தா முடிந்து மேஜை மறுபடி கொட்டகைக்கு வந்துவிட்டது. மதினி இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று ஸ்டூலை மாற்றி மாற்றிப் போட்டு உட்காருகிறார். சாயா வருகிறது. என் செயின் தேய்ந்து முடியப்போகிறது. மற்ற பற்கள் தேயத் தேய அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்து நிற்கிறது. அதனால் ரம்பம் ஓடும்போது கைப்பிடியில் ஒரு சின்ன உதறல் இருக்கிறது. மிஷினுக்கு அது நல்லதில்லை, புதுச் செயின் மாட்டு என்று பொன்னுச்சாமி தினமும் சொல்கிறான். வாங்கித்தான் வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.