கேட்காமல் எழுதிய ‘இல்லை’

செவ்வாய்க்கிழமை காலை, அமெரிக்காவில், பிளானோ டோல்வேயில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஜமீலா அழைத்தார். “அண்ணே, அவுக மௌத்தாயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, அம்புட்டுதான்.” தாவூத் பாயின் மனைவி அவர். காரை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

பாயும் நானும் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. மருத்துவமனைகளுக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் செய்யும் கம்பெனி. டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. அதில் எதுவும் எழுதாத இடத்துக்கு ‘நல்’ என்று பெயர். விவரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதில் யாராவது கை வைத்தால் பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

‘மருந்து அலர்ஜி உண்டா?’ என்ற இடம் பல பேருக்குக் காலியாக இருந்தது. ரிப்போர்ட் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்! எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று நிரப்பச் சொன்னார் மேனேஜர். பாய் குதித்தார். “கேட்டு, இல்லைன்னு சொன்னது வேற. கேக்கவே இல்லைங்கறது வேற. நாளைக்கு ஊசி போட்டு ஒரு பேஷன்ட் செத்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?”

அவர் பெருநாள் லீவில் இருந்த அன்று ‘இல்லை’ நிரப்பும் புரோகிராமை ரன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. செய்தேன். ஆம், இந்தக் கையால்தான். என் கிரீன் கார்டு கம்பெனியை நம்பி இருந்தது என்று சாக்குச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

இரண்டே வாரத்தில், எங்கள் ‘இல்லை’யை நம்பிப் போட்ட பெனிசிலின் ஊசியில் ஒரு பெண்மணி மூச்சுத் திணறி, மயிரிழையில் பிழைத்தார். பாய் பழைய பேக்கப்பைத் தோண்டிக் காலி இடங்களை மீட்டார். கிளினிக் கிளினிக்காக போன் போட்டு எச்சரித்தார். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டீமோடு ஒத்துப்போகாதவர் என்று அவரை டேட்டாபேஸ் பொறுப்பிலிருந்து தூக்கியது. மேனேஜருக்குப் பதவி உயர்வு! எந்த ஊர் நியாயம் இது? என்னிடம் பாய் கேட்டது ஒன்றுதான். “ஏன்யா, ரன் பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா?”

அடக்கத்துக்கான படிவத்தை வாங்க, ஜமீலாவோடு பதிவு அலுவலகத்துக்கு நான்தான் போனேன். பாய்க்கு ஒற்றைப் பெயர். நம்மில் பலரைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் அதற்கான கட்டத்தில் ‘தெரியாது’ என்று அச்சடித்திருந்தார்கள். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “தெரியாதா? அவர் மனைவி வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டீர்களா?” என்று கத்தினேன். திருத்தும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். கவுன்டரில் இருந்த அம்மாள் எழுந்து போய் ஜமீலாவிடம் கேட்டார். திரும்பி வந்து, அச்சடித்ததை அடித்துவிட்டுப் பேனாவால் ‘இல்லை’ என்று எழுதினார்.

குழிக்குள் மூன்று பிடி மண் போட்டேன். பாய், அன்று அத்தனை பேருக்கும் நான் கேட்காமல் எழுதிய அதே வார்த்தைதான். உங்களுக்கு மட்டும் கேட்டு எழுத வைத்தேன். போய் வாருங்கள்.