கூரை முடியும்வரை ஒரு காப்பு

மலைமேல் கம்போங் ராஜா டவுனில் என் பூக்கடையில் செவ்வந்திக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் இசைக்குழுவில் தபேலா வாசிக்கும் சேகர்தான் பேசினான். "அக்கா, முனியாண்டி அண்ணே போய்ட்டாரு. அரங்கத்துப் படியில உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "கயிறு? கயிறு இன்னும் கையில இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றான்.

எங்கள் பாட்டை ஒருமுறையாவது கேட்டவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தேயிலை லோரி ஓட்டியவர். குழுவின் முதல் குரல். நான் அவர் பக்கத்தில் நின்று பாடியவள். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால், மலைச்சரிவை வெட்டிப் படி கட்டிய திறந்தவெளி அரங்கம் எங்களுடையது. பாதி வருஷம் மழையில் பாசி பிடித்துக் கிடக்கும். மீதிப் பாதியில் கச்சேரி நடுவே மழை வரும். ஜனங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருமுறை காலிப் படிகளைப் பார்த்து அண்ணன் மைக்கிலேயே, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு கத்தினார்: "மழை வந்தா பாட்டு நிக்கணுமா? கூரையப் போடுங்க லா!" கத்தியவரையே சீரமைப்புக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

திருவிழாவுக்குக் கையில் காப்புக் கயிறு கட்டியவர், அதை அவிழ்க்கும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. திருவிழா சில நாட்களில் முடிந்துவிடும். கட்டட வேலை அப்படியா? ஒருவரும் யோசிக்கவில்லை. பூமி பூஜையன்று பூசாரி மஞ்சள் கயிற்றோடு நின்றார். "கூரைக்கு அடியில மொதக் கச்சேரி நடக்குற வரைக்கும் யாராச்சும் கட்டிக்கணும்." எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால் போனது. அண்ணன் முறைத்தார். "என்னாங்கடா இது, கயித்தப் பாத்துப் பயந்துக்கிட்டு! எனக்குக் கட்டு சாமி."

அடுத்த திருவிழாவுக்குள் முடித்துவிடுவதாகக் கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மழையில் மண் சரிந்து தூண் குழிகளை மூடியது. மறுபடி தோண்டினார்கள், மறுபடி சரிந்தது. அதற்குள், மலைக்குக் கீழே ஈப்போ டவுனில், அண்ணன் மகள் சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதப் பிள்ளை, நெஞ்சில் ஓயாத சளி. மலைக்குளிருக்குக் கொண்டுபோகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனோ கீழே இறங்க முடியாது. ஈப்போ ஓட்டத்தை வேறு டிரைவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தோட்டத்துக்குள்ளேயே கொழுந்து ஏற்றினார். பேத்தியைக் கைபேசியில்தான் பார்த்தார். சில காலை, நான் கடைக்குக் கிளம்பும்போது, தோட்டத்து கேட்டருகே லோரியை நிறுத்திவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பொறுக்காமல் ஒருநாள் கத்திவிட்டேன். "அறுத்துப் போடுங்கண்ணே! ஒரு கயித்துக்கா இம்புட்டு?"

"சாமி கண்ணக் குத்தும்னு இல்லம்மா. மேல இரும்புல ஆளுங்க நிக்கிறானுங்க. நான் எல்லையத் தாண்டுன நேரம் பாத்து எவனாச்சும் வழுக்கி விழுந்தா, அவன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

 

ஒருவழியாகத் தகரக் கூரை ஏறியது. கச்சேரி வைத்தோம், காப்பை அவிழ்க்கப் பூசாரியும் வந்துவிட்டார். அண்ணன் பல்லவியை எடுத்தார், மழை கொட்டியது. தகரத்தில் விழுந்த இரைச்சலில், பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்கவில்லை. "பாடியாச்சுல்ல, அவுத்துடுங்க" என்று சேகர் அவசரப்படுத்தினான். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "ஒரு ஆளுக்கும் கேக்கல. இதெல்லாம் கச்சேரியா? கயிறு இருக்கட்டும்."

சத்தத்தை அடக்கக் கூரைக்கு அடியில் பஞ்சுப் பலகை பொருத்த வேண்டியதாயிற்று. மேடைப் பக்கம் பாதி முடிந்ததும் பலகை தீர்ந்துபோனது. மீதி வரட்டும் என்று காத்திருந்தோம். பேத்தியின் முதல் பிறந்தநாள் வந்து போனது. அதையும் அவர் கைபேசியில்தான் பார்த்தார். அடுத்த மாதம்தான் அந்தப் படியில் சாய்ந்தார்.

சுமதி பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்பாவ ஈப்போவுக்குக் கொண்டுபோறேன். பேத்தி மொகத்தயாச்சும் பாத்துட்டுப் போகட்டும்."

பூசாரி தயங்கினார். "காப்போட எல்லையத் தாண்டக்கூடாதேம்மா. கச்சேரி இன்னும் நடக்கலயே."

சுமதி என் பக்கம் திரும்பினாள். "அப்பப் பாடுங்க அத்தை."

அவரை மேடையில் கிடத்தினோம். பலகை பொருத்திய பாதிக்குள் தோட்டமே நெருக்கியடித்து உட்கார்ந்தது. அவர் கட்டிய பாட்டையே எடுத்தேன். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பின்னால் வெறும் தகரம் இரைந்தது. எங்கள் பக்கம் கடைசி வரி வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது. பூசாரி கயிற்றை அறுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, இந்தப் பாதி எத்தனையோ வாரமாகத் தயாராகக் கிடந்ததே! கொஞ்சம் நெருங்கி உட்காருவோம் என்று யாருக்காவது தோன்றியிருந்தால், அண்ணன் தன் லோரியைத் தானே ஓட்டிக்கொண்டு அந்த கேட்டைத் தாண்டியிருப்பார். பேத்தியைத் தூக்கியிருப்பார். அவரை ஏற்றிய வண்டி மழையிலேயே ஈப்போ ரோட்டில் இறங்கியது. நான் அப்போதுதான் அழுதேன்.

மீதிப் பலகைகளும் இப்போது வந்துவிட்டன. எந்த மாதத்திலும் பாடுகிறோம். அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது அந்த முதல் குரலின் இடம். அங்கே நின்று, படிகளில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், மைக்கில் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: "கிட்ட வந்து உக்காருங்க லா."