ஐந்து துறைகளும் என் மைக்செட்டும்

மைக்செட் தொழிலில் மூன்று வகைக் கூட்டம் உண்டு: கல்யாணம், சாவு, கருத்துக் கேட்பு. முதல் இரண்டிலும் என்ன நடக்கப் போகிறது என்று வந்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதில் கூட்டத்தைக் கூட்டியவர்களுக்கு மட்டும் தெரியும். நீங்களும் எங்காவது ஒரு பந்தலில், "உங்கள் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்ற பேனருக்குக் கீழே உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தவராகத்தான் இருப்பீர்கள். அதனால் இதைப் படித்துவிட்டு ஆச்சரியப்பட மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வெளியூர் ஆள்

என் கடை விருத்தாசலம் செராமிக் பேட்டையில், பொம்மை சுடும் சூளை ஒன்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஹாரன் குழாய்களை எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் வெள்ளை மண் படிந்திருக்கும். கம்மாபுரம் பக்கம் நிலம் எடுக்கும் கூட்டங்களுக்கு மைக் போட்டுப் போட்டு, கருத்துக் கேட்புக்கு நான்தான் என்று பெயராகிவிட்டது. இதெல்லாம் ஒரு பெயரா என்று என் மனைவி கேட்பாள்.

அப்படித்தான் கடற்கரை வேலையும் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்து சின்ன மீன்பிடித் துறைகளை ஒன்றாக இணைத்து, ஒரே பெரிய துறைமுகம் கட்டி, ஒரே நிர்வாகக் குழுவின் கீழ் கொண்டுவரும் திட்டம். அதற்கு ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலையை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர் என்னைத் தேடி வந்தார். சட்டையை இன் பண்ணிய, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். கடலோரத்திலேயே எத்தனையோ மைக்செட் இருக்க, கடலே இல்லாத ஊருக்கு ஏன் சார் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அங்க இருக்கறவங்க யாரும் வரமாட்டேங்கறாங்க. உங்களுக்கு அங்க சொந்தக்காரங்க யாரும் இல்லியே?" என்றார்.

அஞ்சலையின் கூடை

சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் அஞ்சலை அக்கா இருந்தார். அந்த ஐந்து துறைகளில் ஆகச் சின்னது அவருடைய ஊர். காலை ரயிலில் கூடையோடு வந்து இறங்கி, எங்கள் பேட்டைத் தெருக்களில் மீன் விற்பார். நெத்திலி, காரப்பொடி, கிடைத்தால் சங்கரா. கணவர் இடுப்பு முறிந்து படகேறுவதை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. குடும்பம் அந்தக் கூடையில்தான் ஓடியது.

அவருடைய ஊரில் ஒரு வழக்கம். படகு மணலில் வந்து நின்றதும் முதலில் ஊர்ப் பெண்களின் கூடைகள் நிரம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியூர் வியாபாரி மீனைத் தொடலாம். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மீறிய படகும் இல்லை. பெரிய துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக ஏலம் விடுவார்கள். அங்கே ஒரு கூடைக்கு இடமில்லை. நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டது தெரிந்ததும், அக்கா எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நம்ம தம்பிதானே மைக்கு போடுது. அப்ப எங்க பேச்சு நல்லாவே கேக்கும்" என்றார்.

எதிர்ப்பு இல்லை

முதல் கூட்டம் வேறொரு துறையில். பந்தல் நிறைய ஆண்கள். ஒருங்கிணைப்பாளர் திட்டத்தை விளக்கினார், சிமெண்டுத் தளம், ஐஸ் அறை, அகல ரோடு எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா?" என்று கேட்டு மைக்கை நீட்டினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஆம்ப்ளிஃபயரைத் தட்டிப் பார்த்தேன், வயரை ஆட்டிப் பார்த்தேன். அவ்வளவு அமைதி. இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு, "ஆட்சேபணை இல்லை, நன்றி" என்று மைக்கிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவரிடம், ஏன் ஐயா யாரும் பேசவில்லை என்று மெல்லக் கேட்டேன். அந்த ஊர்களில் வெளியாட்களிடம் ஊர் சார்பாக ஊர்த்தலைவரான நாட்டார் ஒருவர்தான் பேசுவார். அவரை முந்திக்கொண்டு இன்னொருவர் பேசினால் ஊர் அவமானம். அன்று ஊரில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை நாட்டார் அந்த வீட்டை விட்டு அசையக் கூடாது. இதை ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். கூட்டத்தைத்தான் முடித்துவிட்டோமே என்றார்.

"நாங்க பேசறதுக்கு வரலீங்க. கூப்ட்டாங்களேன்னு மரியாதைக்கு வந்து குந்தினோம்" என்றார் பெரியவர், நான் வயரிடம் திரும்பி வந்ததும்.

சாவுக்குத் துணைக்குழு

ஐந்து ஊர் நாட்டார்களையும் ஒன்றாக உட்கார வைத்து, புது நிர்வாகக் குழு எப்படி இயங்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். துறைமுகத்துக்கு வார விடுமுறை எந்தக் கிழமை என்பதிலேயே மதியம் ஆகிவிட்டது. ஒரு ஊர் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாது. இன்னொரு ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், அவர்களுக்கு ஞாயிறு. இன்னொரு ஊருக்கு அமாவாசை.

சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சலை ஊர் நாட்டார் எழுந்தார். ஒல்லியான மனிதர், மைக்கைத் தொடாமலே பேசினார், அப்படியும் கடைசி வரிசைக்குக் கேட்டது. "ஊர்ல ஒரு சாவுன்னா அந்தத் துறையில அன்னிக்கி யாரும் கடலுக்குப் போவ மாட்டோம். அஞ்சு ஊருக்கும் ஒரே துறைன்னு ஆக்கிட்டீங்கன்னா, அஞ்சு ஊரு சாவுக்கும் எல்லாரும் கரையில குந்தணும். அப்பறம் எப்பங்க கடலுக்குப் போறது? இல்ல, பக்கத்தூருக்காரன் செத்துக் கெடக்கறப்ப அவன் துறையிலேர்ந்து நாங்க படகெடுக்கறதா?"

ஒருத்தருடைய மொத்த வாழ்க்கையும் இரண்டு கேள்விக்குள் வந்துவிட்டதே, இதற்கு மேல் என்ன திட்டம் என்று நினைத்தேன். ஒருங்கிணைப்பாளர் தலையை ஆட்டி, பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"நல்ல பாயிண்ட்டுங்க. சாவுக்குன்னு ஒரு துணைக்குழு போட்டுடலாம்" என்றார்.

பெண்களுக்குத் தனிக் கூட்டம்

பெண்களின் கருத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஐந்து ஊருக்கும் பொதுவாக ஒரு கல்யாண மண்டபத்தில், முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தார்கள். வந்தவர்கள் உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்துச் சுய உதவிக் குழுப் பெண்கள், வேனில் அழைத்து வரப்பட்டவர்கள். நல்லவர்கள்தான், பாவம். தையல் மிஷின் கேட்டார்கள். கடலைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்போது என் மனைவி போன் செய்தாள். "அஞ்சலை அக்கா வந்திருக்காங்க. இன்னிக்கி நெத்திலி நல்லா இருக்குது, வாங்கட்டா?" எனக்குச் சுருக்கென்றது. மீன்காரப் பெண்கள் அந்த நேரத்தில் ஊரில் எப்படி இருப்பார்கள்? விருத்தாசலத்திலும் பெண்ணாடத்திலும் தெருத்தெருவாகக் கூடையைச் சுமந்து கொண்டிருப்பார்கள். அவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஓடிப்போய் ஒருங்கிணைப்பாளரிடம், "சார், இதுல சம்பந்தப்பட்டவங்க எல்லாம் இப்ப எங்க ஊர்ல மீன் வித்துக்கிட்டு இருக்காங்க. சாயங்காலம் வச்சா வந்துடுவாங்க" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மண்டபத்துல சாயங்காலம் ரிசப்ஷன் இருக்குதுங்களே" என்றார்.

கோயில் வாசலில் ஒரு மைக்கு, வெளியே ஒரு மைக்கு

கடைசிக் கூட்டம் அஞ்சலையின் ஊரில். கோயில் வாசலில் பந்தல். நிழலாக இருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் தேர்ந்தெடுத்த இடம். அது ஊர்க்கூட்டம் கூடும் இடம் என்பதும், ஆண்கள் ஊர்க்கூட்டமாக உட்கார்ந்துவிட்டால் பெண்கள் அந்த வாசலுக்குள் வரமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அஞ்சலை அக்கா அன்றைக்கு ரயிலேறவில்லை. மற்றப் பெண்களும் போகவில்லை. எல்லோரும் ரோட்டுக்கு எதிர்ப்புறம், என் வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

நாட்டார் இணைப்பு வேண்டாம் என்று தெளிவாகப் பேசினார். ஆனால் படகைப் பற்றியும் அலையைப் பற்றியும் பேசினாரே ஒழிய, கூடையைப் பற்றிப் பேச அவருக்குத் தோன்றவில்லை. "வேறு யாராவது?" என்று குரல் வந்தது. அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். டெஸ்டிங் செய்வதற்கென்று வண்டியிலேயே ஒரு மைக் கிடக்கும். அதை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"ஐயா, நான் அஞ்சலை. எதுத்தாப்புல ரோட்டுல நிக்கறேன், நாட்டாரு கோச்சிக்கக் கூடாது. படகு இங்க நம்ம மணல்ல வந்து நின்னாத்தான் எங்களுக்கு மொதக் கூடை. அங்க ஏலத்துல ஒரு கூடை மீனு எங்களுக்குன்னு யாருங்க வுடுவாங்க? ஐஸ்ஸு ரூமு கட்டித் தரோங்கறீங்க. எங்களுக்கு ஐஸ்ஸு வேணாங்க. அன்னன்னிக்கி மீன அன்னன்னிக்கே வித்துட்டு வூட்டுக்குப் போறவங்க நாங்க. துறைய எடுத்துட்டீங்கன்னா எங்க கையில ஒண்ணும் இருக்காதுங்க."

நான்கு ஹாரனிலும் கணீரென்று வந்தது. இத்தனை வருஷத்தில் என் செட் அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டார் கோபிக்கவில்லை, மெதுவாகத் தலையசைத்தார். ஒருங்கிணைப்பாளர் எழுதினார். எழுதியதை முறைப்படி மைக்கில் வாசித்தும் காட்டினார்: "பெண்கள் தரப்பில் ஐஸ் அறை குறித்துப் பேசப்பட்டது. ஆவன செய்யப்படும்." பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்து, அவர்கள் வேண்டாம் என்றார்கள் சார் என்றேன். 'குறித்து' என்றுதானே போட்டிருக்கிறேன், வேண்டும் என்று போடவில்லையே என்றார், எப்போதும்போல் குரல் உயர்த்தாமல். திரும்பி வந்தபோது அஞ்சலை அக்கா முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார்.

"பாத்தியா தம்பி, அந்த சாரு எழுதிக்கிட்டாரு" என்றார்.

திறப்பு விழா

துறைமுகம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கும் நானே மைக்செட். ஐந்து துறைகளின் பெயரும் ஒரே பலகையில் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் அஞ்சலை ஊர் நாட்டாருக்கும் ஒரு நாற்காலி. கூட்டம் நடக்கும்போது உட்காரலாம். ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில், பெண்களின் கோரிக்கையை ஏற்றுக் கட்டப்பட்டது என்ற கல்வெட்டோடு ஒரு ஐஸ் அறை. எங்கள் பேட்டைத் தெருவுக்கு இப்போது ஐஸ் பெட்டி வைத்த வேன் வருகிறது. என் மனைவி அந்த மீனை வாங்குவதில்லை.

விழா முடிந்து வயர் சுற்றும்போது ஏலக்கூடத்தை ஒரு பெண் கழுவிக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் கொடுத்த பச்சைக் கோட்டு, கையில் துடைப்பம். அஞ்சலை அக்கா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவராகவே பக்கத்தில் வந்தார். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்த கேள்வி என்பது தெரிந்தது.

"தம்பி, தப்பா நெனைக்காத. அன்னிக்கி கோயிலாண்ட நான் பேசனேனே, அப்ப மைக்கு எதுனா கோளாறா? நான் சொன்னது அவங்களுக்குச் சரியாப் போய்ச் சேரலியோன்னு நெனச்சிக்கிட்டே இருக்கறேன்."

என்ன சொல்வது? நன்றாகக் கேட்டது அக்கா, ஒரு சொல் விடாமல் கேட்டது என்று சொன்னால், அதற்குப் பிறகு அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "ஆமாங்க்கா, வயர்ல ஒரு பிரச்சனை. பாதி கேக்கல" என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஈரக்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"சரி வுடு தம்பி, நீ மனசுல வச்சிக்காத. மிசினுதானே, அது என்னா பண்ணும்" என்றார்.

என் மைக்கைக் குறை சொன்ன கல்யாண வீட்டுக்காரர்கள் அத்தனை பேரோடும் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாளாவது அது நிஜமாகவே பழுதாகி இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.