தாடி வளர்த்த போப்பும் எங்கள் சங்கத் தலைவரும்

மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய வரலாற்றுப் பாடத்தை முதல் நாளே கணவரிடம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு ஒரு போப்பின் கதை. பேரரசருக்கும் வாக்குக் கொடுத்து, பிரெஞ்சு மன்னருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு ரோமில் உட்கார்ந்திருந்தவர். ஜெர்மனியில் சீர்திருத்தக்காரர்கள் திருச்சபைப் பொதுக்கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் நாற்காலி போய்விடுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"சரியான லூசா இருப்பார் போல," என்றார் கணவர், காபியை ஆற்றியபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புத் தமிழ்ச் சங்கத்துக்கு இவர்தான் தலைவர். ஓய்வு பெற்றபின் இவருக்கென்று இருப்பது அந்தப் பதவி ஒன்றுதான். அது போனால் மனிதர் படுத்தே விடுவார். அப்படிப்பட்டவர், பொங்கல் விழாக் குத்துவிளக்கில் முதல் திரி ஏற்றும் மரியாதையை ஓர் அமைச்சக அதிகாரிக்கும் ஒரு கர்னலுக்கும் தருவதாகத் தனித்தனியே வாக்குக் கொடுத்திருந்தார். சங்கத்து இளவட்டங்களோ பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி நச்சரித்தார்கள்.

"ஏங்க, கூட்டித்தான் தொலைங்களேன்."

"பொங்கல் முடியட்டும். சின்னப் பசங்க, கத்திட்டு அடங்கிடுவாங்க."

பொங்கலன்று அதிகாரியும் கர்னலும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு விளக்கின் முன் நின்றார்கள். "தலைவர் எனக்குத்தான் சொன்னார்" என்று இருவருமே சொன்னார்கள். தலைவரைக் காணோம். தேடிப் போனால், மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரரசரின் படைகள் ரோமைச் சூறையாடியபோது அந்தப் போப்பும் கோட்டைக்குள் ஓடி ஒளிந்தவர்தான்.

"ஜல்தி போய் நீயே சமாளிம்மா, எனக்குத் தலை சுத்துது," என்றது கதவு.

அதற்குள் இளவட்டங்கள் பக்கத்துப் பூங்காவில் தனியாகப் பொங்கல் வைத்துவிட்டார்கள். நெய் வாசனைக்கு மொத்தக் கூட்டமும் அங்கே நகர்ந்தது. போய்ப் பார்த்தால் வரிசையில் அதிகாரியும் கர்னலும் தொன்னையோடு நிற்கிறார்கள். மேடையில் விளக்கை ஏற்ற நாதியில்லை.

வீட்டுக்கு வந்தவர் சோபாவில் சாய்ந்து, ஈனக்குரலில் கேட்டார்.

"அந்தப் போப்புக்குப் பதவி போயிடுச்சா?"

"இல்லீங்க. கடைசிவரைக்கும் அவர்தான் போப். ஜனந்தான் பாதி போயிடுச்சு."

"அப்புறம்?"

"துக்கத்துல தாடி வளர்த்தார்."

பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை சவரப் பெட்டியை எடுத்தார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். பெட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டார்.