தூரியன் பழமும் நாயின் முகமும்

பிள்ளைகளே, வத்தேகமவில் நம் வேலியோரம் நிற்கும் தூரியன் மரம் பக்கத்து வீட்டு ஐயாவுடையது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து தபால் கந்தோர் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். மரத்தின் வேர் அவர் பக்கம். காய்க்கிற கிளை நம் பக்கம்.

தூரியனைப் பறிக்கக் கூடாது, தானாக விழ வேண்டும். யார் முற்றத்தில் விழுந்தாலும் மரக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வரிசை வீடுகளின் வழக்கம். அவர் வெட்டிப் பாதியைத் திருப்பித் தருவார். ஆனால் தூரியனுக்குள் சுளைகள் ஐந்து வரிசையாக இருக்கும். ஐந்தில் பாதி எவ்வளவு? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஐயா படித்தவர். அவர் பிரித்தால் நமக்கு இரண்டு, அவருக்கு மூன்று. பல வருடமாக இப்படித்தான்.

போன சீசனில் ஒரு காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழம் தொப்பென்று நம் முற்றத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தது ஐயாவின் நாய் மட்டும்தான். அந்நியரைக் கண்டால் தெருவையே எழுப்புகிற நாய் அது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

"ஐயா இந்த முறை முழுசா குடுத்துட்டாரு" என்று பழத்தைக் குசினியில் அடுப்போரம் வைத்தேன்.

"அஞ்சு வரிசையுமா?" என்று உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அவளும் படித்தவள்தான்.

வாசம் காட்டிக்கொடுக்கும் என்று நினைப்பீர்கள். சீசனில் ஊர் முழுக்க அதே வாசம். எல்லார் வீடும் மணக்கும்போது எந்த வீட்டைச் சந்தேகிப்பது? தின்று முடித்து, தோலை வாழையடியில் புதைத்துவிட்டு, கண்டி டவுனில் நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்கு நல்ல பிள்ளையாகப் பஸ் ஏறினேன்.

மாலை திரும்பி வந்தபோது ஐயா தன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நாய் நம் வாழையடியைக் கிளறித் தோலை இழுத்துப்போய், அவர் படியில் காணிக்கை மாதிரி வைத்திருந்தது.

"பாரும் தம்பி, காவலுக்கு வளத்த நாய் களவெடுத்துத் திண்டிருக்கு! முகத்தைப் பாரும், எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு!"

பார்த்தேன். காதை மடித்து, வாலை இடுக்கி, கண்ணை ஒரு பக்கம் திருப்பி, உலகத்தில் உள்ள பாவமெல்லாம் தானே செய்தது போல அது நின்றது. என் முகமோ துடைத்த பீங்கான் மாதிரி இருந்தது.

"ஆமாங்க ஐயா, முகத்துலயே தெரியுது" என்றேன்.

"நாளைக் காலம ஓட்டோவில ஏத்தி, ஹுன்னஸ்கிரியப் பக்கம் கொண்டுபோய் விட்டிட்டு வாறன். கள்ள நாய் எனக்கு வேண்டாம்."

ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களில் சிறுத்தை வரும். வழி தெரியாத நாய் அங்கே எத்தனை நாள் தாங்கும்?

சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன், பழத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தத்தை மட்டும் விட்டுவிட்டு. மகளே, அன்றைக்கு நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

"அப்பா, அது குத்த உணர்வு இல்லையாம். எங்க விஞ்ஞான டீச்சர் சொன்னாங்க. திட்டுனா நாய் பயந்துபோய் அப்படி முகம் வைக்கும். கூட்டத்துல பெரிய நாய் கடிக்காம இருக்க, தலைய குனிஞ்சு காட்டுற பழக்கமாம்."

"அப்ப மனுசனுக்கு?"

"மனுசனுக்கு யாரும் திட்டாமலே வரும். ஆதி காலத்துல கூட்டமா வேட்டையாடி பங்கு போட்டாங்க. பங்குல கை வச்சவன கூட்டம் வெரட்டிரும். தனியா போனவன சிறுத்தை தின்னுரும். மனசு உறுத்தி தானா வந்து ஒத்துக்கிட்டவன மட்டும் சேத்துக்கிட்டாங்க. அவங்களோட பிள்ளைங்கதான் நாம."

"உறுத்தாதவன் எல்லாம் யாரு பிள்ளைங்க?"

"மாட்டிக்காதவங்க பிள்ளைங்க" என்றான் உன் தம்பி. அம்மா காலையில் தின்ற பழத்தின் கொட்டைகளை அவித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் காலை ஓட்டோ வந்துவிட்டது. நாய் ஊர் சுற்றப் போவதாக நினைத்து, தானே ஏறி உட்கார்ந்திருந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"ஐயா, நாய் எடுக்கலீங்க. நான்தான் எடுத்தேன்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தார். "உம்மட முகத்தில ஒண்டும் தெரியேல்லையே! நாய்க்காகப் பழியை ஏற்கிறீர். நல்ல மனம் தம்பி உமக்கு."

பொய்யை ஒரே சொல்லில் நம்பினவர், உண்மையை நம்ப மறுத்தார். ஓட்டோக்காரர் ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த அவித்த கொட்டைகளைச் சட்டியோடு கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். ஐயா சட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"அஞ்சில ரெண்டு உமக்கு வரத்தான் இருந்தது" என்றார் மெதுவாக. "மூண்டுதான் களவு."

"எப்பவுமே மூணு உங்களுக்குத்தானுங்களே, ஐயா?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். அவர் ஓட்டோவிலிருந்து நாயை இறக்கி, ஓட்டோக்காரரை அனுப்பிவிட்டு உள்ளே போனார். ஒரு வாரம் அவர் வேலிப் பக்கமே வரவில்லை.

அடுத்த பழமும் நம் முற்றத்தில்தான் விழுந்தது. பல்பொடி வாயோடு தூக்கிக்கொண்டு போனேன். ஐயா வெட்டினார். இரண்டைத் தன் பக்கம் வைத்தார், மூன்றை என் பக்கம் தள்ளினார். எனக்கு அது இனிக்குமா? மூன்றாவது வரிசையை எடுத்துப் படியில் கிடந்த நாயின் முன்னால் வைத்தேன்.

அது முகர்ந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. ஆனால் தொடவில்லை. முதலில் ஐயாவின் முகத்தைப் பார்த்தது.

"தின்" என்றார் ஐயா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.